கிணற்றைச் சிவக்க வைத்த ஹாங்கின்

வாந்திபேதி வந்தால் ஊரே காலியாகும் காலம் அது. 1892-ல் எர்னஸ்ட் ஹான்பரி ஹாங்கின் என்ற 27 வயது ஆங்கிலேயர், ஆக்ராவில் அரசாங்க இரசாயனப் பரிசோதகராக வந்து சேர்ந்தார். கிருமி தங்குமிடம் கிணறே என்று கருதி, பொட்டாசியம் பெர்மாங்கனேட்டை வாளி நீரில் கரைத்துக் கொட்டச் செய்தார். நீர் செந்நிறமாயிற்று. அழுக்கு மிகுந்த கிணறோ நிறத்தையே விழுங்கிவிடும். இளஞ்சிவப்பு நிலைத்து நிற்கும்வரை மேலும் மேலும் போடவேண்டும். கிணற்றையே நம்பிய நம் சிறுமலை அடிவாரத்து ஊர்களுக்கு இதன் அருமை சொல்லவேண்டியதில்லை. பெர்மாங்கனேட்டுக்கு அவ்வளவு வலு உண்டா என்று பின்னர் டாக்டர்கள் ஐயுற்றனர். பிளீச்சிங் பவுடர் அதன் இடத்தைப் பிடித்தது. கங்கை, யமுனை நீரே காலராக் கிருமியைக் கொல்வதாக 1896-ல் எழுதியவரும் இவரே. பறவைகள் பறக்கும் விதத்தையும் விடாமல் ஆராய்ந்த இந்த விசித்திர மனிதர் 1939-ல் காலமானார்.