பேட்ரிக் கெடிஸ்

சர் பேட்ரிக் கெடிஸ் (அக்டோபர் 2, 1854 - ஏப்ரல் 17, 1932) ஸ்காட்லாந்து நாட்டு உயிரியலாளரும் நகரமைப்பு அறிஞரும் ஆவார். நலிந்த பழைய நகர்ப்பகுதிகளை, அங்கு வாழ்வோரை வெளியேற்றாமலே சீர்ப்படுத்தலாம் என வாதிட்டவர்.

எடின்பரோ

எடின்பரோவின் பழைய நகரம் வசதி படைத்தோரால் கைவிடப்பட்டிருந்தது. 1886 இல் திருமணம் செய்துகொண்ட கெடிஸ், மனைவி அன்னாவுடன் அங்குள்ள ஜேம்ஸ் கோர்ட்டிலேயே குடியேறினார். அண்டை வீட்டாரையும் சேர்த்துக்கொண்டு வீடுகளைப் பழுதுபார்த்து, வெற்றிடங்களில் தோட்டம் அமைத்தார்.

தமிழகத்தில்

சென்னை மாகாண ஆளுநர் பென்ட்லண்ட் பிரபுவின் அழைப்பை ஏற்று 1914 இல் இந்தியா வந்தார். அவரது நகரமைப்புக் கண்காட்சிப் பொருட்களை ஏற்றி வந்த கப்பலை எம்டன் மூழ்கடித்தது. சென்னையைத் தாக்கிய அதே செருமானியப் போர்க்கப்பல்தான் அது. புதிதாகத் திரட்டப்பட்ட படங்களைக் கொண்டு 1915 சனவரியில் சென்னையில் கண்காட்சி நடைபெற்றது.

தஞ்சாவூர்க் கோட்டைப் பகுதியில் நெரிசலைக் குறைக்க, வீடுகளை இடித்து நேரான தெருக்கள் அமைக்கும் திட்டம் ஒன்று இருந்தது. கெடிஸ் சந்துகளில் நடந்து பார்த்தார். மிகவும் சிதைந்த சில வீடுகளை மட்டும் அகற்றி, கிடைக்கும் இடத்தில் மரம் நட்டுச் சிறு வெளிகள் உண்டாக்கினால் போதும் என்றார். முந்தைய திட்டத்துக்கு 30,000 ரூபாய். இதற்கு 5,000 ரூபாயே. செலவை விட, குடும்பங்கள் இடம்பெயர வேண்டியதில்லை என்பதே இதன் சிறப்பு எனலாம்.

கொசுவுக்கு அஞ்சிக் குளங்களைத் தூர்ப்பதையும் அவர் எதிர்த்தார்; மீனும் வாத்தும் வளர்க்கச் சொன்னார். ஆயினும் 1920களில் மாம்பலத்து ஏரி நிலத்தில் தியாகராய நகர் எழுந்தது.

பிற்காலம்

1919 முதல் 1924 வரை பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியராக இருந்தார். பிரான்சின் மோன்பெலியே நகரில் காலமானார். அவரது இந்திய அறிக்கைகளின் தேர்ந்த பகுதிகள் 1947 இல் நூலாக வெளிவந்தன.