கரை காணாத வள்ளல்

கல்குடாக் கடற்கரையில் மாலை வேளையில் உலாவுவது என் நெடுநாளைய வழக்கம். ஒரு நாள் என்னிடம் பயின்ற பழைய மாணவர் ஒருவர் உடன் வந்தார். மட்டக்களப்பு நகரிலே சிலையாய் நிற்கும் வில்லியம் ஓல்ட் பாதிரியாரைப் பற்றிப் பேச்சு எழுந்தது. 1814ஆம் ஆண்டிலே இங்கிலாந்திலிருந்து வந்து, மட்டக்களப்பிலே பள்ளிப் பணியைத் தொடங்கி, ஓராண்டு நிறையுமுன் உயிர் நீத்தவர் அவர். அவரைக் கப்பலேற்றி அனுப்பிய பணம் யாருடையது என்று மாணவர் வினவினார். நல்ல வினா. கட்டடத்தைப் பார்க்கின்றவர் கடைக்காலைப் பார்ப்பதில்லை. ஓல்ட் பாதிரியாரின் பணிக்குக் கடைக்கால் இட்டவர் தோமஸ் கோக் என்னும் பெரியார். அவர் நம் மண்ணை மிதித்தவரல்லர். நம் கடற்கரையைக் கண்ணாற் கண்டவருமல்லர். ஆயினும் நமக்கு அவர் அயலாரல்லர்.

கோக் 1747ஆம் ஆண்டிலே வேல்ஸ் நாட்டுப் பிரெக்கன் நகரிலே பிறந்தார். தந்தையார் மருந்து வணிகர், செல்வர், நகர முதல்வர் பதவியும் வகித்தவர். பெற்றோருக்கு எஞ்சிய ஒரே பிள்ளை கோக். ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்திலே சட்டத்துறையில் கலாநிதிப் பட்டமும் பெற்றார். செல்வமும் கல்வியும் ஒருங்கே வாய்த்த அவருக்கு இங்கிலாந்துத் திருச்சபையிலே உயர்பதவி எய்துதல் அரிதன்று. அவரோ சவுத் பெதர்ட்டன் என்னும் சிற்றூரிலே துணைக்குருவாய் இருந்தபோது யோன் வெஸ்லியின் நெறியிலே ஈடுபட்டார். எளியோரிடையே சென்று அவர்களுக்கு விளங்கும் மொழியிலே பேசினார். ஊர்ப் பெரியோர்க்கு அது பிடிக்கவில்லை. 1777இல் அவர் வேலையினின்று விலக்கப்பட்டபோது, கோயில் மணியை அடித்து ஊரார் மகிழ்ந்தனர் என்பர்.

அன்று தொட்டு அவர் வாழ்வு கடலோடு பிணைந்தது. 1784இல் வெஸ்லி அவரை அமெரிக்காவுக்கு அனுப்பினார். அத்திலாந்திக் பெருங்கடலைப் பதினெட்டு முறை கடந்தார். பாய்க்கப்பற் காலத்திலே அஃது எத்துணை இடருடையது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 1786இலே புயலால் அலைக்கப்பட்ட கப்பல் நத்தார் நாளன்று அவரை அன்ரீகுவாத் தீவிலே கொண்டுபோய்ச் சேர்த்தது. அங்கே கரும்புத் தோட்டங்களில் உழன்ற நீக்ரோ அடிமைகளிடையே தொண்டு செய்யும் பணியை அவர் வளர்த்தார். 1785இல் வாஷிங்டனின் இல்லத்துக்கே சென்று அடிமை முறையை ஒழிக்குமாறு வேண்டியவரும் அவரே.

இப்பணிகளுக்கெல்லாம் பொருள் எங்கிருந்து வந்தது? முதலில் அவருடைய பெட்டியிலிருந்து வந்தது. அது போதாதபோது அவர் பிச்சையெடுத்தார். ஆம், வாசகர்களே! ஒக்ஸ்போர்டிலே பட்டம் பெற்ற அச்செல்வர், குள்ளமான உருவத்தினராய், இங்கிலாந்தின் தெருத்தெருவாக வீடுவீடாகச் சென்று, கடல் கடந்த மக்களின் பொருட்டுக் கையேந்தினார். இல்லாதவன் தன் வயிற்றுக்கு இரப்பது இயல்பு. உள்ளவன் தன் பொருளையும் கொடுத்துவிட்டுப் பிறருக்காக இரத்தல் எளிதன்று. அங்கே பொருளோடு மானமும் காணிக்கையாகின்றது.

அவ்வாறு இரக்கச் சென்ற வழியிலேயே அவருக்கு இல்லறமும் வாய்த்தது. பெனலோப் சிமித் என்னும் செல்வப் பெருமாட்டி அவருடைய பணிக்கு நூறு கினி தருவதாக வாக்களித்து, அவர் வந்தபோது இருநூறு கொடுத்தார். 1805இல் இருவரும் மணந்தனர். அவ்வம்மையாரும் தம் செல்வத்தைக் கணவரின் பணிக்கே உரியதாக்கினார். 1811இல் அவர் மறைந்தார். கோக் மணந்த இரண்டாம் மனைவியாரும் 1812இல் மறைந்தார். அறுபத்தைந்து வயதிலே தனியரான அம்முதியவர், ஓய்ந்திருக்க நினையாமல், கிழக்குத் திசையை நோக்கினார்.

இங்கே ஒன்றை மறைத்தல் தகாது. 1813இல் இந்தியாவுக்கு இங்கிலாந்துத் திருச்சபையின் பேராயர் ஒருவரை நியமிக்கும் பேச்சு எழுந்தபோது, அப்பதவியைத் தமக்குத் தருமாறு வில்பர்போர்ஸ் என்னும் பெருமகனாருக்குக் கோக் எழுதினார். பணியின் பொருட்டே கேட்டார் எனினும் பதவியின் நிழல் அங்கே இல்லை என்று சொல்ல இயலாது. பொருளாசையை வென்றவரையும் பெருமையின் ஆசை விடாது தொடரும் போலும். பதவி கிடைக்கவில்லை. கிடையாமையே அவருக்கு நன்மையாயிற்று என்று நான் கருதுகின்றேன். பேராயராய் வந்திருப்பின் அரசு செலவு செய்திருக்கும். அவர் கொடுத்திருக்க மாட்டார்.

அவ்வாண்டே லிவர்பூல் நகரிலே மெதடிஸ்தக் குருமாரின் மாநாடு கூடிற்று. இலங்கைக்குத் தொண்டர்களை அனுப்ப வேண்டும் என்று கோக் மன்றாடினார். பலர் தடுத்தனர். முதுமையைச் சுட்டினர், செலவையும் சுட்டினர். அன்றிரவு அவர் உறங்காது அழுது வேண்டினார் என்று வரலாறு கூறும். மறுநாள் அவையிலே எழுந்து, செலவுக்காகத் தம் பொருளிலிருந்து ஆறாயிரம் பவுண் வரை தருவதாகக் கூறினார். மாநாடு இசைந்தது. அதுகாறும் வீடுவீடாய்ச் சென்று பொருள் திரட்டியவர் புறப்படுகின்றாரே, இனி யார் திரட்டுவது என்ற கவலையினால், அவ்வாண்டு ஒக்ரோபரிலே லீட்ஸ் நகரத்தார் அப்பணிக்கெனச் சங்கமே நிறுவினர். ஒருவர் சுமந்த சுமை ஊரார் பலர் சுமக்கும் சுமையாயிற்று.

1813ஆம் ஆண்டின் இறுதியிலே இரண்டு கப்பல்களில் அவர்கள் புறப்பட்டனர். வழியிலே ஓல்டின் மனைவியார் காலமானார். கோக் கப்பலிலே போர்த்துக்கேய மொழியைக் கற்று, அம்மொழியிலே பாடல்களை ஆக்கிக்கொண்டிருந்தார். இலங்கைக் கரையோரங்களில் அம்மொழி அக்காலத்தே பெரிதும் வழங்கிற்று. மட்டக்களப்புப் பறங்கியரிடையே அதன் எச்சம் இன்றும் உண்டு. எனவே அவர் கற்றது நம் அயல் வீட்டாரின் மொழியை. ஆனால் 1814ஆம் ஆண்டு மே 3ஆம் நாள் காலையிலே அவர் தம் அறையிலே உயிரற்றுக் கிடக்கக் கண்டனர். அன்று மாலையே இந்தியப் பெருங்கடல் அவ்வுடலை ஏற்றுக்கொண்டது.

உடன் வந்த இளைஞர்கள் திகைத்தனர். செலவுக்கெல்லாம் ஆதாரமாயிருந்தவர் அவரே. பம்பாயிலே இறங்கியபோது அவர்கள் கையில் வழியில்லை. அங்கே வணிகர் ஒருவர், இறந்தவரின் நற்பெயரையும் அவர் சார்ந்த சபையையும் நம்பி, வேண்டிய பொருளைக் கடனாகத் தர முன்வந்தார். அவருடைய பெயர் வில்லியம் ரெயிலர் மனி. ஆங்கிலத்திலே பணத்தைக் குறிக்கும் சொல்லையே குடும்பப் பெயராகக் கொண்டவர் அவர்! வாழ்நாளெல்லாம் பணத்தை ஏவல் கொண்டவர் இறந்த பின்னும், பணமே எதிர்வந்து ஏவல் கேட்டது போலும் இந்நிகழ்ச்சி.

1814 யூன் இறுதியிலே தொண்டர்கள் காலியிலே இறங்கினர். ஓல்ட் மட்டக்களப்புக்கும், லிஞ்சும் ஸ்குவான்சும் யாழ்ப்பாணத்துக்கும் சென்றனர். ஓல்ட் 1815ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல் நாள் இறந்தார். அவர் இட்ட விதை மெதடிஸ்த மத்திய கல்லூரியாய் வளர்ந்தது. யாழ்ப்பாணத்து மெதடிஸ்தப் பள்ளியிலே பார்சிவல் பாதிரியாரிடம் கற்று, அங்கேயே ஆசிரியராகி, விவிலிய மொழிபெயர்ப்புக்கும் துணைநின்றவர் ஆறுமுக நாவலர். 1848இல் அந்நாவலர் அப்பள்ளியின் சம்பளத்தைத் துறந்து, கைப்பொருளின்றிச் சைவப் பணிக்குப் புறப்பட்டார். நெறி வேறு, தெய்வத்தை அழைத்த பெயர் வேறு. ஆயினும் சம்பளத்தினும் சமயமே பெரிது என்று எழுந்த அவ்வுள்ளத்தைக் கோக் கண்டிருப்பின், தம் இனத்தவர் என்றே உணர்ந்திருப்பார். சைவ மரபில் வந்த நான் இதனைத் தயங்காது எழுதுகின்றேன்.

சுவிசேஷத்திலே செல்வ இளைஞன் ஒருவன் வருகின்றான். கட்டளைகளையெல்லாம் கைக்கொண்டவன் அவன். உள்ளதையெல்லாம் விற்று ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டுப் பின்தொடருமாறு இயேசு கூறியபோது, மனம் வாடித் திரும்பிச் சென்றான். அவ்விளைஞன் திரும்பாதிருந்தால் எவ்வாறு வாழ்ந்திருப்பான் என்பதற்குக் கோக் ஒரு விடை. நம் பட்டினத்தார் பொருளை உதறி நடந்தார். கோக் பொருளைக் கையிலேயே வைத்திருந்தார். ஆனால் மூடிய கையில் அன்று, விரித்த கையில். இரண்டும் துறவே.

பொருளைக் கொடுப்பவர் பலர். கொடுத்த பொருள் விளைவதைக் காண வேண்டும், விளைந்த இடத்திலே தம் பெயர் நிற்க வேண்டும் என்ற ஆசையையும் சேர்த்துக் கொடுப்பவர் சிலர். பதவியை விரும்பிய அம்முதியவரிடமிருந்து அவ்வாசையைக் கடலே வாங்கிக்கொண்டது. அவருக்குச் சிலை மட்டக்களப்பிலே இல்லை, ஓல்டுக்கே உண்டு.

மாணவருக்கு இவ்வளவையும் சொல்லி முடித்தபோது இருட்டிவிட்டது. அவர் ஒன்றும் பேசாது கடலையே நோக்கி நின்றார். நானும் நின்றேன்.