பனகல் அரசர்

சென்னைக்குச் சென்று திருமணப் பட்டெடுக்கும் நம் சங்கக் குடும்பத்தினருள் தியாகராய நகரின் பனகல் பூங்காவைக் காணாதார் இலர். அப்பூங்காவிற்குப் பெயர் தந்த பெருமகனார், நாம் வந்து குடியேறி வாழும் இந்த மண்ணிலேயே பிறந்தவர் என்பதை அறிந்தாரோ மிகச் சிலர்.

பானகண்டி இராமராயநிங்கார் 1866-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 9-ஆம் நாள் திருக்காளத்தியில், வேலமர் குலத்து நிலக்கிழார் குடியில் தோன்றினார். அந்நாளில் காளத்தி வட ஆர்க்காட்டைச் சார்ந்திருந்தது. சித்தூர் மாவட்டம் உருவானது 1911-இல்தான். தாய்மொழி தெலுங்கு. திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்றார். வடமொழியைப் பாடமாகக் கொண்டு பட்டம் பெற்று, 1899-இல் முதுகலைப் பட்டமும் எய்தினார்.

அன்னார் சிறுவராயிருந்த காலத்தே இங்கிலாந்தில் டிஸ்ரேலியின் கன்சர்வேட்டிவ் கட்சி அரசு செலுத்தியது. நிலவுடைமையாளர் கட்சியென்று பெயர்பெற்ற அவ்வரசே 1875-இல் பொதுச் சுகாதாரச் சட்டத்தையும் தொழிலாளர் குடியிருப்புச் சட்டத்தையும் இயற்றிற்று. சென்னை மாகாணத்து நீதிக்கட்சியின் ஆட்சியும் ஒருவகையில் அத்தகையதே. ஜமீன்தார்களும் செல்வர்களும் மலிந்த கட்சி அது. சட்டசபைக்கு வாக்களிக்கும் உரிமையும் பெரும்பாலும் சொத்துடையார்க்கே இருந்தது. அக்கட்சியின் தலைமை அமைச்சராக 1921 ஜூலை முதல் 1926 டிசம்பர் வரை விளங்கினார் நம் காளத்தியார். பனகல் அரசர் என்ற பட்டம் 1922-இல் வந்தது.

இரட்டையாட்சியில் அமைச்சர் கை கட்டுண்ட கைதான். நிதியும் காவலும் ஆளுநர் பக்கம். கல்வியும் மருத்துவமும் உள்ளாட்சியும் அமைச்சர் பக்கம். இருந்தும் 1921-இல் இந்திய மாகாணங்களுள் முதன்முதலாகப் பெண்டிர் வாக்குரிமை பெற்றது சென்னையிலேதான். அரசுப் பணிகளில் எல்லா வகுப்பாருக்கும் இடமளிக்கும் ஆணை அவ்வாண்டு செப்டம்பரில் பிறந்தது. சித்த, ஆயுர்வேத, யுனானி முறைகளைக் கற்பிக்கும் அரசுப் பள்ளி 1925-இல் சென்னையில் திறக்கப்பட்டது.

ஆயினும் அவர் துணிவை உரைத்துப் பார்த்தது அறநிலையச் சட்டமே. கோயில் நிர்வாகத்தினின்று கம்பெனி அரசு விலகிக்கொண்ட பின், திருப்பதி 1843-இல் ஹாதிராம்ஜி மடத்து மகந்துகளின் கைக்குச் சென்றது. நாடெங்கும் தர்மகர்த்தர்களும் மடாதிபதிகளும் கணக்குக் கேட்பாரின்றிக் கோயிற் சொத்தை ஆண்டனர். முன்னோர் இறைவனுக்கென விட்ட நிலத்தின் வருவாய் விளக்கிற்கும் பூசைக்கும் செல்கின்றதா என வினவ ஓர் அதிகாரி வேண்டாவா? 1922-இல் மசோதாவைக் கொணர்ந்தார். சமயத்தில் அரசு தலையிடுகின்றது என்று பெருங்கூச்சல் எழுந்தது. எதிர்த்தாருள் அவரையொத்த செல்வர்களும் பலர். 1925-இல் சட்டமாயிற்று; அதன் செல்லுபடி ஐயத்திற்கு உள்ளாகவே, அவர் பதவி விலகியபின் 1927-இல் மீண்டும் இயற்றப்பட்டது.

சுவையான செய்தியொன்று. 1923-இல் அவர்மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொணர்ந்தவர் சித்தூரை அடுத்த கட்டமஞ்சியில் பிறந்த சி. ஆர். ரெட்டி! தீர்மானம் தோற்றது. பின்னர் பனகல் அரசரின் ஆட்சியில் தோன்றிய ஆந்திரப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராக 1926-இல் அமர்ந்தவரும் அந்த ரெட்டியாரே.

குறையும் உண்டு, மறைத்தல் முறையன்று. ஆதிதிராவிடர் என்னும் பெயரை 1922-இல் ஏற்றதும், பொதுச் சாலையிலும் கிணற்றிலும் அவர்க்குரிய உரிமையை 1924-இல் ஆணையாக்கியதும் அவ்வாட்சியே. எனினும் தம் மக்களுக்கு உரிய பங்கு கிட்டவில்லையென்று எம். சி. ராஜா 1923-இல் கட்சியை விட்டு வெளியேறினார். அவர் மனக்குறை நியாயமானதே என்பது எம் எண்ணம். ஆணை ஏட்டில் ஏறிய அளவிற்கு ஊர்க் கிணற்றடியை எட்டவில்லை.

1926 தேர்தலில் சுயராஜ்யக் கட்சியார் மிகுதியாக வென்றமையால் அரசர் பதவி துறந்தார். 1928 டிசம்பர் 16-ஆம் நாள் இயற்கை எய்தினார். பிறந்த காளத்தியிலிருந்து ஒரு நாள் நடைத்தொலைவே உள்ள திருப்பதியில் மகந்துகளின் ஆட்சி முடிவுற்றதை அவர் காணவில்லை. திருமலை திருப்பதி தேவஸ்தானங்களுக்கென்றே தனிச் சட்டம் 1932-இல் இயற்றப்பெற்று, மறு ஆண்டில் நிர்வாகக் குழு பொறுப்பேற்றது.