கடலைக் கடந்த ஆழிக்குமரன் ஆனந்தன்

குனோங் ராபாட் கடலோர ஊர் அல்ல. சுண்ணாம்புக் குன்றுகளும் கைவிடப்பட்ட ஈயச் சுரங்கக் குட்டைகளும் சூழ்ந்த வட்டாரம் இது. கோப்பேங் பக்கம் போனால் சுங்கை கம்பாரின் வேகமான நீரில் ரப்பர் படகு விடுகிறார்கள். நீரோடு நமக்குள்ள உறவு பெரும்பாலும் அவ்வளவுதான். ஆனால் ஈப்போவிலும் தைப்பிங்கிலும் வேரூன்றிய யாழ்ப்பாணத் தமிழர் குடும்பங்களின் பூர்வீகம் கடலோடு கலந்தது. அந்த யாழ்ப்பாணக் கடற்கரை உலகுக்குத் தந்த ஒரு நீச்சல் வீரரை இன்றைய இளைஞர்கள் அதிகம் அறிந்திருக்க வாய்ப்பில்லை. அவர்தான் விவேகானந்தன் செல்வக்குமார் ஆனந்தன். தமிழ் மக்கள் அவருக்கு வைத்த பெயர் ஆழிக்குமரன்.

ஆனந்தன் 1943 மே 25ஆம் தேதி பிறந்தார். ஊர் வல்வெட்டித்துறை. கப்பல் கட்டுவதற்கும் கப்பல் ஓட்டுவதற்கும் பெயர் பெற்ற ஊர் அது. அங்கே கட்டப்பட்ட அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் அட்லாண்டிக் கடலைத் தாண்டி 1938ஆம் ஆண்டு அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. வல்வெட்டித்துறைக்காரர்களுக்குக் கடல் தூரத்தைக் காட்டிப் பயமுறுத்தும் பொருள் அல்ல; அக்கரைக்குப் போகும் பாதை.

அந்தப் பாதையை நீந்தியே கடந்த முதல் மனிதரும் அந்தப் பக்கத்தவரே. 1954ஆம் ஆண்டு நவரத்தினசாமி என்பவர் வல்வெட்டித்துறையிலிருந்து தமிழகத்தின் கோடிக்கரைக்கு ஏறத்தாழ 27 மணி நேரத்தில் நீந்திச் சென்றார். அப்போது ஆனந்தனுக்குப் பத்து வயது.

ஆனந்தனின் முறை 1963இல் வந்தது. இருபது வயதில் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார். எடுத்துக்கொண்ட நேரம் 42 மணி. பாக்கு நீரிணை ஆழம் குறைந்த கடல். ஆனால் ஆழம் குறைவு என்பதற்காக அது எளிதாகிவிடாது. நீரோட்டம் திசை மாறி இழுக்கும். ஜெல்லி மீன்கள் உடம்பெல்லாம் சுடும். உப்பு நீரில் மணிக்கணக்கில் கிடந்தால் நாக்கும் உதடும் வீங்கிவிடும். இரவில் கரையும் தெரியாது. கூட வரும் படகின் விளக்கை நம்பித்தான் கை வீச வேண்டும். படகைத் தொட்டால் முயற்சி அத்தோடு முடிந்தது.

இருபது வயது இளைஞருக்கு அந்த ஒரு வெற்றி வாழ்நாளுக்கும் போதுமானதாக இருந்திருக்கும். ஆனந்தன் அங்கே நிற்கவில்லை. 1971ஆம் ஆண்டு இலங்கையிலிருந்து இந்தியாவுக்கு நீந்திப் போய், அங்கிருந்து இலங்கைக்கே நீந்தித் திரும்பினார். போகவும் வரவும் சேர்த்து 51 மணி நேரம். ஒரு முறை கடந்த கடலை, களைத்த உடம்போடு உடனே மறுபடியும் கடப்பது எப்படிப்பட்டது என்பதை இந்த ஒரு கணக்கே சொல்லிவிடும்.

அவருடைய பலம் வேகத்தில் இல்லை, தாக்குப்பிடிப்பதில் இருந்தது. அதனால்தான் அவர் தண்ணீரை விட்டு நிலத்திலும் சாதனைகளைத் தேடினார். 1979 மே 2ஆம் தேதி கொழும்பு விகாரமாதேவி பூங்காவைச் சுற்றிச் சைக்கிள் மிதிக்கத் தொடங்கினார். மே 10ஆம் தேதிதான் நிறுத்தினார். மொத்தம் 187 மணி 28 நிமிடம். ஏழு நாளும் இன்னும் ஏறக்குறைய இருபது மணி நேரமும் ஆகின்றன. இவ்வகைச் சாதனையில் கால் வலியைவிடப் பெரிய எதிரி தூக்கம். கண் ஒரு நொடி சொக்கினால் சைக்கிள் சாய்ந்துவிடும்.

அதற்கு இரண்டு ஆண்டு முன்னர்தான், 1977இல், இலங்கையில் தமிழர்களுக்கு எதிரான கலவரம் நடந்திருந்தது. அப்படிப்பட்ட காலத்தில் தலைநகரின் நடுவே ஒரு தமிழர் ஒரு வாரத்துக்கு மேல் சுற்றிச் சுற்றி வந்து இலங்கையின் பெயரை உலக சாதனைப் புத்தகத்தில் எழுதவைத்தார்.

அடுத்த ஆண்டு, 1980 மே மாதம், ஒற்றைக் காலில் 33 மணி நேரம் நின்றார். இரண்டு நிமிடத்தில் 165 சிட்-அப் செய்ததும் அவருடைய சாதனைப் பட்டியலில் உண்டு. பிறகு 1981இல் சென்னைக்கு வந்தார். மெரினாவில் உள்ள அண்ணா நீச்சல் குளத்தில் 80 மணி நேரம் நீரை மிதித்தபடி மிதந்தார். நீந்துகிறவர் மல்லாந்து கிடந்து சற்று இளைப்பாறலாம். நீர் மிதிப்பவருக்கு அந்த வசதி கிடையாது. உடம்பு நிமிர்ந்தே இருக்க வேண்டும், கை கால் ஓயாமல் அசைய வேண்டும். மூன்று நாளும் எட்டு மணி நேரமும் அவர் அப்படி இருந்தார். ஏழு உலக சாதனைகளுக்குச் சொந்தக்காரர் என்று இன்றும் அவரைச் சொல்கிறார்கள்.

எஞ்சியிருந்தது ஆங்கிலக் கால்வாய். நெடுந்தூர நீச்சல்காரர்களுக்கு அதுதான் இறுதித் தேர்வு. 1875இல் மேத்யூ வெப் அதை முதன்முதலில் நீந்திக் கடந்தார். 1958இல் வங்காளத்தைச் சேர்ந்த பிரஜன் தாசும் மிகிர் சென்னும் கடந்தார்கள். நேர்கோட்டில் அளந்தால் 33 கிலோமீட்டர்தான். ஆனால் கடலின் ஏற்றமும் வற்றமும் நீச்சல்காரரை இருபுறமும் தள்ளுவதால் நீந்தும் தூரம் அதைவிட மிகவும் கூடும்.

எல்லாவற்றையும்விடக் கொடியது குளிர். பாக்கு நீரிணையின் வெதுவெதுப்பான நீரில் வளர்ந்த உடம்புக்கு, ஆகஸ்ட் மாதத்திலும் 17, 18 டிகிரியைத் தாண்டாத அந்த நீர் வேறொரு உலகம். உடலை மூடும் ரப்பர் உடைக்கும் அனுமதி இல்லை. விழித்திருந்து சகித்துக்கொள்வதை மன உறுதியால் பழகலாம். உடலின் சூடு குறையத் தொடங்கினால் மன உறுதிக்கும் ஓர் எல்லை வந்துவிடும்.

1984இல் ஆனந்தன் அந்த முயற்சிக்குப் போனார். அதற்கு ஓராண்டு முன்பு, 1983 ஜூலையில், அவர் சைக்கிள் சுற்றிய அதே கொழும்பு நகரில் தமிழர்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. நாடு போருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. 1984 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடக்கும் முயற்சியில் ஆனந்தன் உயிரிழந்தார். அவருக்கு வயது 41.

பிறகு வந்த நீண்ட போரில் எத்தனையோ பெயர்கள் மறைந்துபோயின. ஆழிக்குமரனின் பெயர் மட்டும் அவருடைய ஊரில் தண்ணீரோடு சேர்ந்தே நிலைத்திருக்கிறது. வல்வெட்டித்துறையில் இன்று அவருடைய நினைவாக ஒரு நீச்சல் தடாகம் இருக்கிறது. கடலில் நீந்தப் பழகியவரின் பெயரால் அமைந்த இடத்தில், ஊர்ப் பிள்ளைகள் பாதுகாப்பாக நீச்சல் கற்க வழி பிறந்துள்ளது.

ஆனந்தனை வென்ற அந்தக் கால்வாயை 2003ஆம் ஆண்டு அப்துல் மாலிக் மைடின் நீந்திக் கடந்து, அதைச் செய்த முதல் மலேசியர் ஆனார். கால்வாயைக் கடந்தவர்களின் பட்டியலில் ஆனந்தன் பெயர் இல்லை. ஆனால் இருபது வயதில் ஒரு கடலைக் கடந்தது போதும் என்று உட்காராமல், நாற்பத்தொரு வயதிலும் அடுத்த கரையைத் தேடி நீரில் இறங்கியவர் அவர். நம் பிள்ளைகளுக்கும் சொல்ல வேண்டிய வாழ்க்கை அது.