ரெயிலை நிறுத்திய காற்று

இரண்டு சரக்கு ரெயில்கள் நேருக்கு நேர் மோதி நொறுங்கிக் கிடந்தன.

டிரைவர்கள் இருவரும் எதிரே வந்த ரெயிலைப் பார்த்தார்கள். ஆனால், நிறுத்த முடியவில்லை!

இது 1866-ம் ஆண்டு அமெரிக்காவில் நடந்தது. அந்த வழியே இன்னொரு ரெயிலில் வந்த வாலிபர் ஒருவர் இதைக் கண்டு சிந்தனையில் ஆழ்ந்தார். அவர்தான் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ்.

பட்டறையில் வளர்ந்தவர்

அவர் 1846-ல் பிறந்தார். தந்தையின் இயந்திரப் பட்டறையில் தொழில் கற்றார்.

அந்தக் காலத்தில் பெட்டிக்குப் பெட்டி ஆட்கள் தாவி ஓடி, கையால் சக்கரத்தைத் திருகித்தான் பிரேக் போடவேண்டும். அதற்குள் விபத்து நடந்துவிடும்.

ஆல்ப்ஸ் மலையில் அழுத்தப்பட்ட காற்றைக்கொண்டு சுரங்கம் குடைவதாக ஒரு பத்திரிகையில் படித்தார். பாறையைக் குடையும் காற்று, ரெயிலை நிறுத்தாதா?

1869-ல் காற்று பிரேக்குக்கு உரிமை பெற்றார். முதல் ஓட்டத்திலேயே, தண்டவாளத்தில் விழுந்த வண்டிக்காரர் உயிர் தப்பினார். அவருக்குச் சில அடி தூரத்தில் ரெயில் நின்றுவிட்டது!

தானே விழும் பிரேக்

ஆனால், ஒரு குறை இருந்தது. காற்றுக் குழாய் அறுந்தால் பிரேக் பிடிக்காது.

1872-ல் அதைத் தலைகீழாக மாற்றினார். குழாயில் காற்று நிறைந்திருந்தால்தான் ரெயில் ஓடும். காற்று வெளியேறினால், எல்லாப் பெட்டிகளிலும் பிரேக் தானாக விழும். 1881-ல் சிக்னல் கம்பெனியும் தொடங்கினார்.

1914-ல் அவர் காலமானார்.

இன்று டிரைவர் சிவப்பு விளக்கைத் தாண்டினால், நம் நாட்டுக் 'கவச்' கருவி தானாகவே பிரேக் போடுகிறது. அந்த பிரேக்கைப் பிடிக்க வைப்பதும் காற்றுதான்.

வில்லாபுரத்திலிருந்து மதுரை ஜங்ஷனுக்குப் போய் ரெயில் ஏறுகிறவர்கள், புறப்படும்போது 'உஸ்' என்ற சத்தத்தைக் கேட்டிருப்பார்கள். அது பிரேக் விடுபடும் ஓசை!