வேலையில் சமம்; கூலியில் பாதி!

தோட்டப்புறத் தாய்மார்களே, தோழர்களே!

உழைத்த கைக்குக் கூலி வந்து சேர வேண்டும் என்பதில் நமக்குள் இரண்டு பேச்சு கிடையாது. ஆனால், நிறம் பார்த்துக் கூலியைப் பறித்தவர்களும் உண்டு. ஆணா, பெண்ணா என்று பார்த்துக் குறைத்தவர்களும் உண்டு. இந்த இரண்டு அநீதியும் ஒரே தலையில் விழுந்தால் எப்படி இருக்கும்? அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்து, எழுதப் படிக்கத் தெரியாமலேயே உலகறிந்தவரான சோஜர்னர் ட்ரூத் அம்மையாரின் வாழ்க்கையைப் பார்த்தால் தெரியும்.

நியூயார்க் மாநிலத்தில், அல்ஸ்டர் என்ற மாவட்டத்தில், 1797-ஆம் ஆண்டு வாக்கில் அவர் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் இசபெல்லா. தாயும் தகப்பனும் கறுப்பின அடிமைகள். ஆகவே பிள்ளையும் அடிமை. ஒன்பது வயது வாக்கில் அவளை ஏலம் விட்டார்கள். ஓர் ஆட்டு மந்தையோடு சேர்த்து 100 டாலருக்கு விலைபோனாள் அந்தச் சின்னப் பிள்ளை. அவளுக்குத் தெரிந்தது டச்சு மொழி மட்டும். புது முதலாளி வீட்டில் பேசியதோ ஆங்கிலம். சொன்னது விளங்காமல் விழித்தால் அடிதான்.

கைமாறிக் கைமாறி, 1810-இல் ஜான் டுமான்ட் என்பவரிடம் வந்து சேர்ந்தார். பகலில் வயல்காட்டு வேலை. இராத்திரியில் வீட்டாரின் துணிமணி துவைக்க வேண்டும். விடிந்தால் மறுபடியும் காடு. நல்ல ஆண் ஆள் செய்கிற வேலையை இவள் ஒருத்தியே செய்கிறாள் என்று முதலாளியே ஊராரிடம் பெருமையடித்துக்கொண்டார். பெருமை சரி, சம்பளம்? ஒரு காசு கிடையாது! காட்டில் வேலை வாங்கும்போது அவரை ஆணாக நினைத்தார்கள். வீட்டு வேலை என்றால் பெண்ணாக நினைத்தார்கள். கூலி என்று வந்தால் மட்டும் அடிமை!

நியூயார்க் மாநிலத்தில் அடிமைகளுக்கு 1827 ஜூலை 4-ஆம் தேதி விடுதலை என்று சட்டம் வந்திருந்தது. ஒழுங்காக உழைத்தால் ஒரு வருஷம் முன்னாடியே விட்டுவிடுகிறேன் என்று டுமான்ட் வாக்குக் கொடுத்தார். அந்த வருஷம் இசபெல்லாவுக்குக் கையில் காயம்பட்டது. வேலை குறைந்துவிட்டது என்று சாக்குச் சொல்லி முதலாளி வாக்கை மீறினார். இசபெல்லா சண்டை பிடிக்கவில்லை. பாக்கியிருந்த கம்பளி நூலை நூற்று முடித்தார். 1826-ஆம் ஆண்டின் கடைசியில் ஒரு நாள் விடியுமுன்னே கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டார். அக்கம்பக்கத்திலிருந்த வான் வாகனன் குடும்பத்தார் டுமான்டுக்குப் பணம் கட்டி அவருக்குப் புகலிடம் கொடுத்தார்கள்.

அதற்குள் அவருடைய மகன் பீட்டர் சட்டத்துக்கு விரோதமாக வெகுதூரத்து அலபாமா மாநிலத்துக்கு விற்கப்பட்டிருந்தான். ஐந்து வயதுப் பாலகன்! தாய் சும்மா இருப்பாரா? நீதிமன்றப் படியேறினார். 1828-இல் பிள்ளையை மீட்டார். ஒரு கறுப்பினப் பெண் வெள்ளைக்காரர்மேல் வழக்குப் போட்டு வெல்வது அந்த நாளில் கேள்விப்படாத சங்கதி. ஆனால் பிள்ளையின் உடம்பெல்லாம் சவுக்குத் தழும்பு.

பிறகு நியூயார்க் நகரத்தில் வீட்டு வேலை செய்து பிழைத்தார். 1843-இல் பழைய பெயரை உதறினார். உண்மையை ஏந்தி ஊர் ஊராய்ப் போகிறவள் என்று பொருள்படும்படி சோஜர்னர் ட்ரூத் என்று தமக்குத் தாமே பெயர் சூட்டிக்கொண்டு, அடிமைமுறையை எதிர்த்துப் பேசப் புறப்பட்டார். 1851-இல் ஒஹாயோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில் பெண்ணுரிமை மாநாட்டு மேடையில் ஏறினார். உழுவதும் அறுப்பதும் விறகு வெட்டுவதும் தமக்குத் தெரியும். எந்த ஆணுக்கும் தம் வேலை இளைத்ததல்ல என்று சபையறியச் சொன்னார்.

1865-இல் அமெரிக்கா முழுவதும் அடிமைமுறை ஒழிந்தது. அதே வருஷம் வாஷிங்டன் நகரில் குதிரை டிராம் வண்டியின் நடத்துநர் ஒருவர் அவரைக் கீழே தள்ளப் பார்த்ததில் தோள்பட்டையில் பலத்த அடி. கிழவிதானே என்று நினைத்தார் போலும்! அம்மையார் அவரைக் கைது செய்ய வைத்தார். நடத்துநரின் வேலையும் போயிற்று.

இரண்டு வருஷம் கழித்து, நியூயார்க்கில் நடந்த சம உரிமைச் சங்கக் கூட்டத்தில் கூலிக் கணக்கை அவிழ்த்துவைத்தார். ஆண் கதிரை அறுத்துக்கொண்டே போக, பின்னாலேயே சளைக்காமல் கட்டுக்கட்டிப் போனவர் அவர். ஆனாலும், தம்மைவிட அதிகம் செய்யாத ஆண்களுக்குத் தம்மைப்போல் இரண்டு மடங்கு கூலி என்று எடுத்துரைத்தார். கறுப்பின ஆணுக்கு மட்டும் உரிமை கொடுத்துப் பெண்ணை விட்டுவிட்டால் புது எஜமான் முளைப்பான் என்றும் எச்சரித்தார். பெண்ணுக்கு உரிமை கிடைத்தால் அவள் பையிலேயே பணம் இருக்கும். ஆணிடம் கைநீட்ட வேண்டியதில்லை என்றும் சொன்னார்.

கறுப்பின மக்களுக்காகப் பேசியவர்களில் பலர் ஆண்களையே மனத்தில் வைத்தார்கள். பெண்களுக்காகப் பேசியவர்களில் பலர் வெள்ளைக்காரப் பெண்களையே மனத்தில் வைத்தார்கள். இடையில் நின்றவள் கறுப்பின உழைப்பாளிப் பெண். அவளை மறக்காதீர்கள் என்பதே அம்மையாரின் வழக்கு.

1883 நவம்பர் 26-ஆம் தேதி மிச்சிகன் மாநிலத்தின் பேட்டில் கிரீக் நகரில் அவர் காலமானார். நிறத்தைக் காட்டி வாக்குரிமை மறுக்கக்கூடாது என்று 1870-லேயே சட்டம் வந்தது. பெண் என்று காட்டி மறுக்கக்கூடாது என்ற சட்டம் 1920-இல்தான் வந்தது. சம வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் சம கூலி என்ற நாட்டுச் சட்டம் வர 1963 ஆயிற்று. அம்மையார் மேடையில் கணக்குக் கேட்டு 96 வருஷம் போன பிறகு!

தாய்மார்களே, சம்பளத் துண்டு கைக்கு வந்ததும் எத்தனை வெள்ளி என்று மட்டும் பார்க்காதீர்கள். பக்கத்து நிரையில் அதே வேலை செய்தவருக்கு என்ன கிடைத்தது என்றும் கேட்டுப் பாருங்கள். தோழர்களே, சங்கக் கூட்டத்தில் உரிமை பேசும்போது, அந்த நிரையில் நிற்கிற பெண்ணையும், வேற்று இனத்து ஆளையும் சேர்த்தே பேசுங்கள். ஒருவர் கூலியைக் குறைக்க வழி இருக்கிறவரை, மற்றவர் கூலிக்கும் காவல் கிடையாது.