மேரியன் டின்ஸ்லி

ஆங்கிலேயர் டிராப்ட்ஸ் என்றும் அமெரிக்கர் செக்கர்ஸ் என்றும் வழங்கும் ஆட்டம் சதுரங்கப் பலகையின் மீதே ஆடப்படுவதாயினும், சதுரங்கத்துக்குள்ள மதிப்பு அதற்கு என்றும் வாய்த்ததில்லை. ஆளுக்குப் பன்னிரண்டு காய்கள், அவை கறுப்புக் கட்டங்களில் மூலைவாட்டாய் நகர்ந்து எதிரியின் காயைத் தாண்டி வெட்டும், அவ்வளவே. இதனைச் சிறுவர் விளையாட்டென்று தள்ளுவோர் மேரியன் டின்ஸ்லியின் சரித்திரத்தை அறியாதாராவர்.

இவர் 1927-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 3-ந் தேதி, அமெரிக்காவில் ஒஹாயோ மாகாணத்து அயர்ன்டன் என்னும் ஊரிற் பிறந்தார். இளமையில், அவர்கள் வீட்டிலே குடியிருந்த மூதாட்டி ஒருத்தி இவ்வாட்டத்தில் அவரை ஓயாது தோற்கடித்து, காயை வெட்டும்போதெல்லாம் நகைப்பாளாம். அந்நகைப்பே அவரைப் புத்தகசாலைக்கு அனுப்பியது. கணித நூல் தேடிய இடத்தில் செக்கர்ஸ் நூலொன்று கிடைத்தது. கணிதத்தையும் அவர் விட்டாரில்லை. 1951-ல் ஒஹாயோ மாகாணச் சர்வகலாசாலையில் டாக்டர் பட்டம் பெற்று, பின்னர் புளோரிடாவில் கணித ஆசிரியராய்ப் பல்லாண்டு தொண்டாற்றினார்.

1955-ல் வால்டர் ஹெல்மனை வென்று உலக வீரரானார். 1958-ல் லண்டனில் டெரிக் ஓல்ட்பரியுடன் ஆடியதில் 9 வெற்றி, 1 தோல்வி, மற்றவை சமம். அதன்பின் ஏறத்தாழப் பன்னிரண்டாண்டு பந்தயங்களை விட்டு ஒதுங்கியிருந்து மீண்டும் வந்து, 1975-ல் பட்டத்தை மறுபடி எய்தினார். 1950 முதல் இறுதி வரை பந்தயங்களில் அவர் தோற்ற ஆட்டங்கள் ஏழே என்பர். இதற்கு ஈடான கணக்கு வேறெந்த ஆட்டத்திலும் உண்டோவென்பது ஐயமே.

அவ்வேழில் இரண்டு ஒரு யந்திரத்தால் நேர்ந்தவை. கனடாவிலுள்ள ஆல்பர்ட்டா சர்வகலாசாலையில் ஜானதன் ஷேபரும் அவர் துணைவரும் அமைத்த சினூக் என்னும் கம்ப்யூட்டர், 1990-ல் அவருடன் நட்பு முறையில் ஆடியபோது பத்தாவது நகர்த்தலில் ஒரு காயை நகர்த்திற்று. அது பிழையென்று டின்ஸ்லி அப்பொழுதே கூறிவிட்டார். யந்திரமோ தன் நிலையே மேலென்று கணித்திருந்தது. 36-வது நகர்த்தலில் தோல்வியை ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

அவ்வாண்டே அமெரிக்கத் தேசியப் பந்தயத்தில் டின்ஸ்லிக்கு அடுத்த இடத்தைப் பெற்று, உலகப் பட்டத்துக்கு அவருடன் போட்டியிடும் உரிமையைச் சினூக் அடைந்தது. யந்திரத்துடன் பட்டப் பந்தயம் ஆடலாகாதென்று அமெரிக்க, ஆங்கிலச் சங்கத்தார் மறுத்தனர். வேறொருவராயின் அம்மறுப்பை நல்ல சாக்காகக் கொண்டிருப்பார். டின்ஸ்லியோ 1991-ல் தம் பட்டத்தையே துறந்தார்! சங்கத்தார் வேறு வழியின்றி, மனிதனுக்கும் யந்திரத்துக்குமென ஒரு தனிப் பட்டத்தை ஏற்படுத்தினர்.

1992 ஆகஸ்டில் லண்டனில் அப்பந்தயம் நடந்தது. 39 ஆட்டங்கள். எட்டாவதிலும் பதினான்காவதிலும் டின்ஸ்லி தோற்றார். ஆயினும் நான்கில் வென்று பட்டத்தைக் காத்தார். அந்நான்கில் ஒன்று யந்திரம் பழுதுபட்டு நின்றமையால் கிடைத்ததென்பதையும் சொல்லிவிட வேண்டும்.

1994-ல் பாஸ்டன் நகரில் மீண்டும் எதிர்நின்றனர். ஆறு ஆட்டங்கள் சமமாய் முடிந்தபின் அவர் நோயுற்று விலகினார். கணையத்திற் புற்றுநோய் என்று தெரியவந்தது. பட்டம் சினூக்கைச் சேர்ந்தது. 1995-ம் வருஷம் ஏப்ரல் 3-ந் தேதி, தம் 68-வது வயதில் டின்ஸ்லி காலமானார்.

ஷேபர் கூட்டத்தார் தம் ஆராய்ச்சியை நிறுத்தவில்லை. இருபுறத்தாரும் பிழையின்றி ஆடினால் செக்கர்ஸ் ஆட்டம் வெற்றி தோல்வியின்றியே முடியுமென்று 2007-ல் நிரூபித்தனர்.